பக்கத்து சீட்டுப் பிரேக்

உட்காருங்க அம்மிணி, இந்த பெஞ்சுல எடம் இருக்குது. கார் டெஸ்ட்டுக்கா வந்தீங்க? அதான் கை இப்படி நடுங்குது. எந்த ஸ்கூல்ல கத்துக்கிட்டீங்க? ஓ, அவங்களா. பரவாயில்லீங்க, சுமாராச் சொல்லிக் குடுப்பாங்க. ரிவர்ஸ்தான் அவங்க சரியாச் சொல்லித் தர்றதில்லை. நீங்க கண்ணாடியப் பார்த்து எடுங்க, தலையத் திருப்பித் திருப்பிப் பார்த்தா பயம்தான் எச்சாகும்.

என்னைத் தெரியலீங்களா? திருச்செங்கோட்டுல சங்ககிரி ரோட்டுல மஞ்சப் போர்டு பார்த்திருப்பீங்களே, நல்லசிவம் டிரைவிங் ஸ்கூல்னு. அந்த நல்லசிவம் நான்தானுங்க. இருபத்தெட்டு வருசம். இந்த ஊர்ல ஸ்டியரிங் புடிக்கிற பாதிப்பேரு எங்கிட்டக் கத்துக்கிட்டவங்கதான். இந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேப்பமரம் இருக்குதே, அது முழங்கால் உசரம் இருந்தப்ப இருந்து எனக்குப் பழக்கம்.

இன்னைக்கு நான் வந்தது ஒரு சின்ன சோலியா. அதை விடுங்க. டெஸ்ட் எடுக்குற பிரேக் இன்ஸ்பெக்டர் வர்றதுக்கு இன்னும் அரைமணி நேரம் ஆகும். பயந்துகிட்டே உட்கார்ந்திருந்தா அந்த அரைமணி அஞ்சு மணி நேரமாட்ட இருக்கும். எதாச்சும் பேசிக்கிட்டு இருப்போம். நான் ஐஸ்லாந்து போயிட்டு வந்த கதை சொல்லட்டுமா?

சிரிக்காதீங்க, நெசமாத்தான். எம் பொண்ணு மிருதுளா அங்கதான் வேலை செய்யுது, நாலு வருசமா. நம்ம திருச்செங்கோட்டுக்காரங்க ரிக் லாரி எடுத்துக்கிட்டு இந்தியா பூராவும் தண்ணிக்கு போர் போடறாங்கல்ல, அங்க வெந்நீருக்கு போர் போடறாங்க. ஊரு பேரு ஐஸு, அடியில பூராவும் அடுப்பு. அந்த ஆவியில கரண்ட் எடுக்குற கம்பெனியில எம் பொண்ணு இஞ்சினியர். "அப்பா, அம்மாவையும் கூட்டிக்கிட்டு ஆனி மாசம் வாங்க, காரெடுத்து நாட்டையே ஒரு சுத்து சுத்தலாம்"னு கூப்பிட்டுது.

நாட்டையே சுத்தறதுன்னா சும்மா சொல்றதில்லைங்க. அது ஒரு தீவு. அதைச் சுத்தி ஒரே ரோடு, ஒண்ணாம் நம்பர் ரோடு. கிளம்புன எடத்துக்கே வந்து சேரலாம். ஆயிரத்து முன்னூத்திச் சொச்சம் கிலோமீட்டர். ரோட்டுப் பக்கம் பார்த்தா ஆடு, குதிரை, அருவி. ஆளுதான் இருக்காது. ஹார்ன் அடிக்கிற சத்தமே கேட்காதுங்க. மூணாம் நாள் எனக்குக் காது அடைச்ச மாதிரி ஆயிப்போச்சு.

மிருதுளா கார் வாடகைக்கு எடுத்து, எட்டு நாளைக்கும் ரூம் போட்டு, எல்லாம் தயாரா வச்சிருந்துச்சு. மேப்பைப் பார்த்த உடனே நான் ஒரு தப்பைக் கண்டுபுடிச்சேன். "கண்ணு, இது இடமாச் சுத்தற மாதிரி இருக்குதே? சுத்தறதுன்னா வலமால்ல வரணும்?"

"அப்பா, ரூமெல்லாம் இந்த வரிசையிலதான் போட்டிருக்குது"ங்குது. நான் அதுக்கு மேல பேசலை. எனக்கு விட்டுக்குடுக்குற குணம் அம்மிணி. அதுதான் என் பிரச்சனையே.

மொத நாள் மிருதுளாதான் ஓட்டுச்சு. எம் பொண்ணு, எங்கிட்டக் கத்துக்கிட்ட பொண்ணு, குறை சொல்ல முடியாது. ரெண்டாம் நாள் ஒரு பெரிய அருவி. பக்கத்துலயே மேல ஏறுறதுக்குப் படி வச்சிருக்காங்க, நம்ம மலைப்படி மாதிரி. ஏறிட்டு இறங்கறப்ப ஈரப்படியில வழுக்கி மிருதுளாவுக்கு வலது கால் மடங்கிப் போச்சு. முட்டை அளவுக்கு வீக்கம். பக்கத்து ஊரு டாக்டர் பார்த்துட்டு, எலும்பு உடையலை, ஆனா ரெண்டு வாரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டாரு. இடமாச் சுத்துனா இப்படித்தான் ஆகும்னு நான் வாய்விட்டுச் சொல்லலை. ஒருதடவைதான் சொன்னேன்.

"சரி, காரை இங்கயே விட்டுட்டு பஸ்ஸுல திரும்பிடலாம்"னு மிருதுளா சொல்லுது. கண்ணுல தண்ணி. வருசம் பூரா லீவு சேர்த்து வச்சு போட்ட திட்டமுங்க.

நான் சட்டைப் பையில இருந்து லைசென்ஸை எடுத்தேன். ஒரு ராஜா வாளை உருவற மாதிரி எடுத்தேன்னே வச்சுக்குங்க. "அப்பன் எதுக்குடா இருக்கறேன்? இருபத்தெட்டு வருசம்!" மிருதுளா வாங்கிப் பார்த்துச்சு. கார் கம்பெனிக்குப் போட்டோ அனுப்பணுமாம். பார்த்துட்டு அப்படியே என் மூஞ்சியப் பார்க்குது.

"அப்பா, இது செல்லாது. ஒண்ணரை வருசத்துக்கு முந்தியே தேதி முடிஞ்சுபோச்சு."

இருக்காதுன்னு வாங்கிப் பார்த்தேன். முடிஞ்சுதான் போயிருந்துச்சு. ஏனுங்க, எங்கிட்ட யாரு லைசென்ஸ் கேட்பாங்க? எந்த செக்போஸ்ட்டுல நிறுத்துனாலும் "வணக்கம் மாஸ்டர், போங்க"ம்பாங்க. இருபத்தெட்டு வருசமா ஊருக்கெல்லாம் ரெனியூவல் பண்ணிக் குடுக்கறேன், யாருக்கு எந்தத் தேதியில முடியுதுன்னு நோட்டுல எழுதி வச்சு நானே போன் பண்ணிக் கூப்பிடுவேன். அந்த நோட்டுல என் பேரு இல்லை. யாரு எழுதுவா சொல்லுங்க?

அப்பத்தான் எங்க வீட்டம்மா பூங்கொடி கைப்பையைத் திறக்கறா. உள்ளார பருப்புப்பொடி டப்பா, அதுக்கடியில கர்ச்சீப், அதுக்கடியில ஒரு ஜிப். அந்த ஜிப்புக்குள்ள இருந்து ரெண்டு சமாச்சாரம் எடுத்து மேசை மேல வச்சா. ஒண்ணு கார் லைசென்ஸ். அவ போட்டோ, அவ பேரு, மூணு வருசத்துக்கு முந்தி வாங்குன தேதி. இன்னொண்ணு வெளிநாட்டுல ஓட்டறதுக்கான பெர்மிட், நாங்க கிளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடி வாங்குனது.

எனக்குச் சித்த நேரம் காதே கேட்கலைங்க. பூங்கொடிக்கு வயசு அம்பத்தஞ்சு. ஸ்கூட்டியில பின்னாடி உட்கார்ந்தாக்கூட என் சட்டையப் புடிச்சுக்குவா.

"இதை யாரு உனக்குக் குடுத்தா?"ன்னேன்.

"நீங்கதான் மாமா"ங்கறா. "ஃபாரம் அஞ்சுல கையெழுத்துப் போட்டீங்க."

அந்த ஃபாரம் உங்களுக்கும் குடுத்திருப்பாங்களே, இவங்க எங்க ஸ்கூல்ல நல்லபடியாப் பழகிட்டாங்கன்னு ஓனர் எழுதிக் குடுக்கறது. எங்க ஸ்கூல்ல சென்னியப்பன்னு ஒருத்தன், எனக்கு அடுத்த மாஸ்டர். வாரத்துக்கு ஒருக்கா அந்த ஃபாரத்தையெல்லாம் கட்டா எம்முன்னாடி கொண்டாந்து வைப்பான், நான் போன் பேசிக்கிட்டே சரசரன்னு போட்டுத் தள்ளுவேன். அதுல ஒண்ணு, பூங்கொடி, கணவர் பேர் நல்லசிவம். போட்டோ வேற ஒட்டியிருந்துச்சாம். நான் பார்க்கலை. தினமும் காலையில ஆறுல இருந்து ஏழு வரைக்கும் நான் மைதானத்துல நடக்கப் போயிருவேன். அந்த ஒரு மணி நேரம், நாப்பது நாள், என் ஸ்கூல் கார்லயே சென்னியப்பன் அவளுக்குப் பழக்கி விட்டிருக்கறான்.

ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? கையெழுத்து என்னோடது. அப்படிப் பார்த்தா அவ என் ஸ்டூடண்ட்தான்.

"வேண்டாம் பூங்கொடி, இங்க எல்லாம் வலதுபக்கம் ஓட்டணும், ஸ்டியரிங் இடதுபக்கம் இருக்குது, காத்து அடிச்சா கார்க் கதவே பிச்சுக்கிட்டுப் போகும்னு கார்க்காரனே எழுதி ஒட்டியிருக்கறான். பஸ்ஸுல போயிரலாம்"னேன். அவ மேல இருக்குற அக்கறையிலதான் சொன்னேன்.

அவ சொன்னா, "ஏனுங்க, மலையைச் சுத்த ஆரம்பிச்சவங்க யாராச்சும் பாதியில திரும்பி வருவாங்களா?"

"அது வலமாச் சுத்தறவங்களுக்கு"ன்னு சொல்லிப் பார்த்தேன். மிருதுளா கட்டுப்போட்ட காலோட பின் சீட்டுல ஏறி உட்கார்ந்துருச்சு. கார்க் கம்பெனிக்காரனும் சரின்னுட்டான். எனக்கு ஒரே ஒரு வேலைதான் மிச்சம். முன்னாடி, அவ பக்கத்துல உட்கார்றது.

இதைக் கேளுங்க. ஸ்டியரிங் இடதுபக்கம் இருக்குதுங்களா, அப்ப நான் உட்கார்ந்தது வலதுபக்கம். நம்மூர்ல டிரைவர் உட்கார்ற பக்கம். உட்கார்ந்தா எதுத்தாப்ல ஒண்ணுமே இல்லை. ஸ்டியரிங் இல்லை, பெடல் இல்லை. சோத்துக்கு உட்கார்ந்தவனுக்கு எலை போடாத மாதிரி.

நம்ம ஸ்கூல் கார்ல மாஸ்டர் பக்கம் ஒரு பிரேக் இருக்குமே, பார்த்திருப்பீங்க. எங்கால் இருபத்தெட்டு வருசமா அதுமேலதான். வேற எந்தக் கார்ல ஏறுனாலும் அது தானாத் தேடும். பூங்கொடி வண்டிய எடுத்தா, நான் மிதிச்சேன். பாலம் வந்துச்சு, மிதிச்சேன். அங்க ஒத்த வண்டி போற பாலம் நெறைய இருக்குது, யாரு முதல்ல கிட்ட வர்றாங்களோ அவங்க போலாம், மத்தவங்க நிக்கணும். அவ தூரத்துலயே நிறுத்திருவா. எதுத்தாப்ல வர்றவன் ஒரு வெரலைத் தூக்குவான், அவளும் தூக்குவா. ஏதோ பத்து வருசமாப் பழகுன மாதிரி. நம்மூரா இருந்தா ரெண்டு பேரும் நடுப்பாலத்துல வந்து நின்னு பேசித் தீர்த்துக்கலாம்.

ஆடு வேற. ஆட்டுக்கு ரெண்டு குட்டி, ஆடு ரோட்டுக்கு அந்தப் பக்கம், குட்டி இந்தப் பக்கம். "ஹார்ன் அடி, ஹார்ன் அடி"ங்கறேன் நான். பூங்கொடி நிறுத்திட்டு, குட்டி எல்லாம் போயிச் சேர்ற வரைக்கும் உட்கார்ந்திருக்கறா. "ஏந்தான் இவ்ளோ அவசரம் உங்களுக்கு?"ங்கறா. அவசரம் இல்லைங்க, ஆனா ஒரு வண்டின்னா ஹார்ன் இருக்குதுல்ல?

கிழக்கால ஒரு மலை இறக்கம். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் கடல். மழை தூறுது. நான் மிதிச்ச மிதியில கெண்டைக்கால் புடிச்சுக்கிச்சு. மிருதுளா பின்னாடி இருந்து சிரிக்குது. "அப்பா, காலுக்கு அடியில மேட் ஓட்டையாயிரும்"ங்குது. சிரிக்கட்டும். அந்த இறக்கத்துல வண்டி ஒழுங்கா இறங்குச்சுன்னா அதுல என் பங்கு இல்லைன்னு சொல்ல முடியுமா? ஒவ்வொரு வளைவுக்கும் நான்தான் "கியர் மாத்து"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். ஆட்டோமேட்டிக் வண்டிதான், அது வேற விசயம்.

வடக்கால ஒரு எடத்துல பூமியில இருந்து பொகை பொகையா வருது, அழுகுன முட்டை நாத்தம். ராத்திரி பத்து மணிக்கும் வெயிலு. பூங்கொடி புளிக்காய்ச்சல் பாட்டிலத் திறந்து கார்லயே சோறு பெசைஞ்சு குடுத்தா, நாங்க மூணு பேரும் பொகையப் பார்த்துக்கிட்டே சாப்புட்டோம். அவ மூஞ்சிய அப்பத்தான் சரியாப் பார்த்தேன். வெயில்ல கறுத்து, முடியெல்லாம் காத்துல கலைஞ்சு, இருவது வயசுப் பொண்ணாட்டம் சிரிச்சுக்கிட்டு இருந்தா. எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. கொஞ்சம் கோவமாவும் இருந்துச்சு. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை.

அப்படியே எட்டாம் நாள். கடைசி நாள். இன்னும் அம்பது அறுபது கிலோமீட்டர்தான், நாங்க கிளம்புன ஊரு வந்துரும், சுத்து முடிஞ்சுரும். அங்கதான் அம்மிணி, கடலுக்கு அடியில ஒரு சுரங்கப்பாதை.

ஆமாங்க, கடலுக்கு அடியில. மேல தண்ணி, அதுல மீனு, அதுக்கு அடியில பாறை, பாறைக்கு அடியில நாம. ஆறு கிலோமீட்டர். மிருதுளா சொல்லுச்சு, "சுரங்கம் வேண்டாம்னா கடலைச் சுத்திப் பழைய ரோடும் இருக்குது, ஒரு மணி நேரம் எச்சாகும்."

"சுத்தியே போலாம்"னேன் நான். "வேடிக்கை பார்த்த மாதிரியும் ஆச்சு."

"எட்டு நாளா வேடிக்கைதான் பார்த்துக்கிட்டு வர்றீங்க"ன்னு சொல்லிட்டு பூங்கொடி நேரா சுரங்கத்துக்குள்ள உட்டுட்டா.

நான் பயப்படலைங்க. அங்க உள்ளார லைட்டு ஒரு மாதிரி இருக்குது, கண்ணெரிச்சல், அதனால கண்ணை மூடிக்கிட்டேன். இறக்கம். இறங்குது, இறங்குது, இறங்கிக்கிட்டே இருக்குது. அம்மாவப் பெத்த எங்க அப்பிச்சி, அம்மிச்சி, குலசாமி, எல்லாத்தையும் ஒரு சுத்து கூப்பிட்டாச்சு. பொறவு சித்த நேரம் சமமாப் போச்சு. அப்பறம் ஏத்தம். இஞ்சின் முக்குற சத்தம். கண்ணுக்கு மேல வெளிச்சம் பட்டப்பத்தான் தொறந்து பார்த்தேன், வானம் தெரிஞ்சுது.

பூங்கொடி ரோட்டைப் பார்த்துக்கிட்டே கேட்டா, "ஏனுங்க மாமா, உள்ளார பிரேக் யாரு புடிச்சா?"

குனிஞ்சு பார்த்தேன். எங்கால் ரெண்டும் சீட்டு மேல இருக்குது. பந்தியில உட்கார்ந்த மாதிரி சம்மணம் போட்டிருக்கறேன். எப்பத் தூக்குனேன்னு எனக்கே தெரியலை. அந்த ஆறு கிலோமீட்டரும் நான் ஒருதடவை கூட மிதிக்கலை. வண்டி வந்துருச்சு.

மிருதுளா பின்னாடி விழுந்து விழுந்து சிரிக்குது. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு, என்ன பண்றது. ஆனா அதுக்கப்பறம் காலைக் கீழ வைக்க ஒரு மாதிரி இருந்துச்சு. வச்சேன், மிதிக்கலை.

மொத நாள் எந்தப் பெட்ரோல் பங்க்குல எண்ணெய் போட்டுக் கிளம்புனமோ, அதே பங்க்குல கொண்டாந்து நிறுத்துனா. நிறுத்திட்டு இஞ்சினை அணைச்சா. கையை மட்டும் ஸ்டியரிங்குல இருந்து எடுக்கலை. ஒருத்தன் வந்து பக்கத்துல காரு கழுவிக்கிட்டு இருக்கறான்.

"மாமா"ன்னா. "நம்ம வாசல்ல நாலு காரு நின்னுச்சு. ஊர்ல இருக்குற பொம்பளைங்க அத்தனை பேருக்கும் கத்துக் குடுத்தீங்க. வாத்தியாரம்மா, நர்சம்மா, பால்காரம்மா, எல்லாரும் எங்கிட்ட வந்து, உனக்கென்ன பூங்கொடி, வீட்லயே மாஸ்டரு இருக்கறாருன்னு சொல்லுவாங்க. ஒருதடவை கூட எங்கிட்ட, நீ கத்துக்கறயான்னு நீங்க கேட்கலை."

"நீ கேட்டிருந்தா நான்..."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

நான் யோசிச்சுப் பார்த்தேன் அம்மிணி. பொய் சொல்ல வாய் வரலை. "நீ எங்க போகப்போறேன்னு கேட்டிருப்பேன்"னேன்.

அவ ஸ்டியரிங்குல இருந்து கையை எடுத்தா. "இதோ, போயிட்டு வந்துட்டேன்"னா.

அழுதுட்டா அம்மிணி. அழுதுகிட்டே சிரிச்சா. பின்னாடி மிருதுளாவும் அழுவுது. இந்த நேரத்துல நல்ல வார்த்தையா ஒண்ணு சொல்லணும்னு எனக்கும் தெரியுது. நெஞ்சுல நெறைய இருக்குது, வாய்க்கு வரலை. சுத்திமுத்திப் பார்த்துட்டு, "கொஞ்சம் கோணலா நிறுத்திட்ட, மத்தபடி பாஸு"ன்னு சொன்னேன்.

"அப்பா!"ன்னு மிருதுளா கத்துச்சு. ஆனா பூங்கொடிக்கு அது போதும்னு நெனைக்கறேன். என் வாயில இருந்து பாஸுங்கற வார்த்தை சும்மா வராது. சென்னியப்பனையே மூணுதடவை ஃபெயில் பண்ணியிருக்கறேன். அவ மறுக்கா வண்டிய எடுத்து, முன்ன பின்ன ஓட்டி, கோட்டுக்கு நடுவுல நூல் புடிச்ச மாதிரி நிறுத்திட்டுத்தான் இறங்குனா.

காரை ஒப்படைக்கறப்ப அந்தக் கம்பெனிக்காரன் சுத்தி வந்து பார்த்தான். கதவு, கண்ணாடி, டயரு, எல்லாம் சரி. எம் பக்கத்துக் கால்மிதி மேட்டைத் தூக்கிப் பார்த்து, இந்தப் பக்கம் மட்டும் எப்படித் தேஞ்சுதுன்னு கேட்டான். மிருதுளா அவுங்க பாஷையில என்னமோ சொல்லுச்சு. அவன் எங்கையப் புடிச்சுக் குலுக்குனான். அப்படி என்னத்தைச் சொன்ன கண்ணுன்னு கேட்டா இன்னைக்கு வரைக்கும் சொல்ல மாட்டேங்குது.

ஊருக்கு வந்ததும் சென்னியப்பனைக் கூப்பிட்டு நல்லாத் திட்டுனேன். "ஏன்டா எங்கிட்டச் சொல்லலை?" "சொன்னா நீங்க பக்கத்துல உட்கார்ந்து பிரேக் புடிப்பீங்க மாஸ்டர், அக்காவுக்கு வண்டி வராது"ங்கறான். அவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டேன்.

அட, பேசிக்கிட்டே இருந்ததுல இன்ஸ்பெக்டர் வந்துட்டாரு பாருங்க. உங்க கையும் நடுங்கறது நின்னுபோச்சு. நான் சொல்லலை? கிளட்ச்ச மெதுவா விடுங்க. ரிவர்ஸுக்குக் கண்ணாடி. மறந்துறாதீங்க.

யாரைக் கூப்பிடறாங்க? நல்லசிவமா? நான்தானுங்க. ஆமா, நானேதான். என்ன அப்படிப் பார்க்கறீங்க? தேதி முடிஞ்சு ஒரு வருசத்துக்கு மேல ஆயிப்போச்சுன்னா சும்மா ரெனியூவல் பண்ண மாட்டாங்க, மறுக்கா டெஸ்ட் குடுத்தாகணும். ரூல்னா எல்லாருக்கும் ரூல்தானே? அங்க வேப்பமரத்தடியில எங்க ஸ்கூல் காரு நிக்குது பாருங்க, முன்னாடி எல் போர்டு கட்டி. மாஸ்டர் சீட்டுக்குச் சென்னியப்பனை வரச் சொல்லியிருந்தேன். அவன் வரலை, அக்கா வர்றாங்கன்னுட்டான்.

அவதான். பச்சைச் சீலை. இங்க இருந்தே தெரியுதுங்களா, எப்படி உட்கார்ந்திருக்கறான்னு? செருப்பக் கழட்டிட்டு, கால் ரெண்டையும் தூக்கி சீட்டு மேல வச்சு, சம்மணம் போட்டு. காலுக்கடியில பிரேக் சும்மா கிடக்குது. ஒரு மாசமா நான் ஓட்டிப் பழகறப்பவெல்லாம் இப்படியேதான் உட்கார்றா. முந்தாநாள் ஒரு டிராக்டர்காரன் குறுக்க வந்தான், நானே பதறிப்போயிட்டேன். அப்பக்கூட அவ காலைக் கீழ வைக்கலை.

வர்றேனுங்க அம்மிணி. இந்தத் தண்ணி பாட்டிலைச் சித்த புடிங்க. இப்ப எங்கை நடுங்குது.